போதகர் இழந்த பவர்

அல்மூட் பென்னெக்கெ எங்கள் அலுவலகத்துக்கு வந்த அன்று மந்திரவாதிகளைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதுவரை பிரவுன்ஷ்வைக்கில் ஒரு டர்பைன் கம்பெனியில் ஆங்கிலக் கையேடுகளை ஜெர்மனுக்குக் கொண்டுவரும் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனி அந்த வேலையைக் கணினியிடம் ஒப்படைத்துவிட்டு, அவளுக்கு ஒரு பூங்கொத்தைக் கொடுத்துக் கையைக் குலுக்கி அனுப்பிவிட்டது.

எங்கள் முதலாளி ஹெர் க்வாஸ்டுக்கு அப்போது அவசரமாக ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். கோஸ்லரில் ஒரு பல் மருத்துவரின் மாடியில் இருந்துகொண்டு சீட்டு விளையாட்டுகளையும் பலகை விளையாட்டுகளையும் வெளியிடுகிற சின்ன நிறுவனம் எங்களுடையது. நான் வீப்கெ. தொலைபேசி எடுப்பேன், பெட்டி கட்டுவேன், ஹெர் க்வாஸ்ட் பதறும்போது எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிடுவேன். அந்த வருடம் அவர் இங்கிலாந்திலிருந்து 'சாம்பல் மலை' என்ற சீட்டு விளையாட்டுக்கு உரிமை வாங்கியிருந்தார். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, மந்திரவாதிகளையும் சூனியக்காரிகளையும் மிருகங்களையும் இறக்கி, ஒருவர் மலையை மற்றவர் பிடிக்க வேண்டும். கிட்டத்தட்ட எல்லாச் சீட்டிலும் 'பவர்' என்ற சொல் இருந்தது.

அல்மூட் முதலில் சில சீட்டுகளை மட்டும் மொழிபெயர்த்துக் கொண்டுவந்தாள். ஹெர் க்வாஸ்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"'கிழட்டு மந்திரவாதியின் உற்பத்தித்திறனைக் கண்டு நாடே நடுங்கியது.'" அவர் நிமிர்ந்து பார்த்தார். "உற்பத்தித்திறனா?"

"பவர்தானே? டர்பைனுக்கு நாங்க அப்படித்தான் எழுதுவோம்."

"ஃப்ரௌ பென்னெக்கெ, இவர் மந்திரவாதி. இவர்கிட்டேருந்து யாரும் வயர் இழுக்கப் போறதில்ல."

"அப்ப இவருக்கு இருக்குறது எந்த மாதிரி பவர்னு சொல்லுங்க. அதுக்குத் தகுந்த வார்த்தைய நான் போடுறேன்."

ஹெர் க்வாஸ்ட் சட்டைக் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். நான் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தேன்.

எங்கள் மொழியில் இதுதான் தொல்லை. ஆங்கிலேயர்கள் 'பவர்' என்று ஒரே சொல்லைச் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். நாங்கள் அப்படிப் போக முடியாது. ராஜாவிடம் இருப்பது மாஹ்ட். அவன் சொன்னால் நாலு பேர் கேட்கிறார்கள், அந்த அதிகாரம். பளு தூக்குகிறவன் தோளில் இருப்பது க்ராஃப்ட். அவனுக்குள்ளேயே இருக்கிற வலு அது, வேறு யாரும் அவன் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை. மூலிகைக்கு க்ராஃப்ட் உண்டு, மாஹ்ட் கிடையாது, ஏனென்றால் மூலிகையைப் பார்த்து யாரும் எழுந்து நிற்பதில்லை. மின்சாரத்துக்கு வேறொரு சொல், போலீஸ்காரர் தடிக்கு இன்னொரு சொல். மந்திரவாதியிடம் இருப்பது எது என்று கேட்டால், பிறந்ததிலிருந்து ஜெர்மன் பேசுகிற நானே முழிப்பேன்.

அல்மூட் நேராக விளையாட்டை எழுதியவரையே பிடித்தாள். கிளைவ் அட்வாட்டர் என்று பெயர், ஹல் நகரத்துக்காரர், மனைவியை இழந்தவர், எதையும் நிதானமாகச் செய்கிறவர். இவளுக்கு டர்பைன்காரர்களோடு பேசிப் பழகிய ஆங்கிலம். ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டுத்தான் பேசுவாள், எனக்கும் எல்லாம் கேட்கும்.

"மிஸ்டர் அட்வாட்டர், உங்க மந்திரவாதி தூங்கும்போது அவரோட பவர் எங்க போகுது?"

"என்னது?"

"தூங்கும்போது. இருக்குமா, இருக்காதா?"

"அம்மா, அவன் சீட்டுல இருக்குற ஆளு. தூங்கவே மாட்டான்."

"சரி, செத்துட்டா?"

"செத்துட்டா... பவரும் போயிடும்னு நினைக்கிறேன்."

"மகனுக்குப் போகுமா?"

"அவனுக்கு மகன் இருக்கானா?" கிளைவின் குரலில் உண்மையாகவே ஆச்சரியம்.

"அதைத்தான் உங்ககிட்ட கேக்குறேன். மகனுக்குப் போச்சுன்னா அது மாஹ்ட். அவரோடயே குழிக்குள்ள போச்சுன்னா க்ராஃப்ட்."

"ஏங்க, அது வெறும் பவருங்க. சாதாரண பவர்."

"சாதாரண பவர்னு ஒண்ணு கிடையாது, மிஸ்டர் அட்வாட்டர்."

தினமும் இப்படித்தான். போகப் போக கிளைவ் முதலில் என்னிடம் விசாரித்துவிட்டுத்தான் அவளிடம் பேசுவார். "வீப்கெ, இன்னிக்கு நிலவரம் எப்படி? தூறலா, புயலா?" என்பார். நான் உள்ளதைச் சொல்வேன். புயல் என்றால் ஒரு கோப்பைத் தேநீர் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லிக் காத்திருக்க வைப்பார்.

அவருடைய பயம் தெளிந்தது படக்காரியின் கூத்துக்குப் பிறகு. எங்களுக்குப் படம் வரைகிற பெண் லைப்ஸிக்கில் இருந்தாள். ஜெர்மன் பெயர்கள் தயாராகும் வரை காத்திருக்க வேண்டாம் என்று ஹெர் க்வாஸ்ட் ஆங்கிலப் பெயர்களையே அவளுக்கு அனுப்பிவிட்டார். அதில் ஒரு சீட்டின் பெயர் 'சூனியக்காரியின் கிஃப்ட்'. தாய் சாகும்போது மகளுக்குக் கொடுத்துவிட்டுப் போகிற வரம் என்பது கிளைவின் எண்ணம். ஆனால் எங்கள் மொழியில் கிஃப்ட் என்றால் நஞ்சு. படக்காரி ஒரு பச்சைப் புட்டி, அதன்மேல் மண்டையோடு, பக்கத்தில் மல்லாந்து கிடக்கும் ஒரு எலி என்று வரைந்து அனுப்பிவிட்டாள். பிரமாதமான படம். எலியின் மீசை மயிர்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது.

"திரும்ப வரைய நேரமில்ல," என்றார் ஹெர் க்வாஸ்ட். "எலியை மட்டும் அழிச்சுட்டு..."

"எலி அப்படியே இருக்கட்டும்," என்றாள் அல்மூட்.

"கீழ என்ன எழுதியிருக்குன்னு பாருங்க, ஃப்ரௌ பென்னெக்கெ! 'இதைப் பெறுகிறவள் மூன்று சீட்டு எடுத்து நலம் பெறுவாள்'னு இருக்கு. மேல மண்டையோடு!"

அல்மூட் பென்சிலைக் கடித்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றாள். திரும்பி வந்தபோது அந்தச் சீட்டுக்குப் 'பழகிய நஞ்சு' என்று பெயர் வைத்திருந்தாள். தாய் மகளுக்குச் சிறு வயதிலிருந்தே தினம் ஒரு சொட்டு கொடுத்து வளர்த்தாள், இனி எதுவும் அவளை ஒன்றும் செய்யாது என்று கீழே ஒரு வரி. எலிக்கு அந்தப் பழக்கம் இல்லை, அவ்வளவுதான். கிளைவிடம் இதைச் சொன்னபோது அந்தப் பக்கம் சத்தமே வரவில்லை. கோபித்துக்கொண்டார் போலிருக்கிறது என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகுதான் தெரிந்தது, சிரித்துச் சிரித்துத் தொலைபேசியைக் கீழே போட்டுவிட்டார்.

கடைசியில் அல்மூட் ஒரு வழியாகப் பங்கு பிரித்து முடித்தாள். மனிதர்களை ஆட்டிவைக்கிற இடத்தில் எல்லாம் மாஹ்ட். மந்திரம், மூலிகை, மிருகம் என்று தனக்குள்ளேயே வலுவை வைத்திருக்கிறவற்றுக்கு க்ராஃப்ட். விளையாட்டு வெளிவந்தது, நன்றாகவும் விற்றது. ஒரு வருடம் கழித்து ஹெர் க்வாஸ்ட் நாடு தழுவிய போட்டி ஒன்று வைத்தார். ஏப்ரல் கடைசி நாளில், எங்கள் ஊர்த் துப்பாக்கி சுடும் சங்கத்தின் கூடத்தில். அன்று இரவு சூனியக்காரிகள் மலையில் கூடுவதாக ஒரு பழைய நம்பிக்கை; எப்படியும் ஹார்ட்ஸ் மலை முழுக்கச் சூனியக்காரி வேஷம் போட்டவர்கள் திரிவார்கள், கூட்டத்துக்குப் பஞ்சம் இருக்காது என்பது அவர் கணக்கு. ஜெயிக்கிறவரின் முகம் அடுத்த தொகுப்பில் ஒரு சீட்டில் அச்சாகும். அதுதான் பரிசு. கிளைவையும் விருந்தாளியாக அழைத்திருந்தார்.

"நீயும் ஒரு தடவை விளையாடிப் பாரேன்," என்று நான் அல்மூடிடம் சொல்லியிருந்தேன்.

"டர்பைன் கையேடு எழுதினப்ப நான் டர்பைன் ஓட்டிப் பாத்தேனா?" என்றாள். ஆனாலும் போட்டியன்று வந்தாள். நான் சுட்டுவைத்த வெண்ணெய் கேக்குக்காக வந்ததாகச் சொன்னாள்.

இறுதிச் சுற்றுக்கு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் டோர்பென் க்யூக், ஹானோவரில் வக்கீல். சீட்டைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் விரல்களைத் துடைத்துக்கொள்வார். இன்னொருவர் எங்கள் ஊர்ப் பெண் போதகர் கெஸீனெ ஆல்போர்ன். நல்ல உயரம், கணீர்க் குரல். காலையில் ஒரு ஞானஸ்நானத்தை முடித்துவிட்டுக் கறுப்பு அங்கியைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். வாசலில் நின்ற வெளியூர்க்காரர் ஒருவர், "அட்டகாசமான சூனியக்காரி வேஷம்! துடைப்பம் எங்கங்க?" என்று கேட்டாராம். "கார்ல இருக்கு," என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டார்.

நடுவர் ஹெர் டாப்பெ. கட்டட அனுமதி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் திருச்சபைக் குழுவிலும் உறுப்பினர். தன் போதகர் ஆடுகிற ஆட்டத்துக்குத் தானே நடுவராக வேண்டியிருக்கிறதே என்று காலையிலிருந்து அவருக்குச் சங்கடம். அதனாலேயே கழுத்தில் தொங்கிய விசிலைத் தேவைக்கு மேல் ஊதிக்கொண்டிருந்தார்.

ஆட்டம் ஒரு கட்டத்தில் போதகர் பக்கம் சாய்ந்தது. அப்போது டோர்பென் விரல்களைத் துடைத்துக்கொண்டு 'மௌனக் கண்ணாடி' என்ற சீட்டை மெதுவாக மேசையில் வைத்தார். வாசித்தும் காட்டினார்.

"'எதிராளி தன் மாஹ்ட் முழுவதையும் இழக்கிறார்.'" எழுந்து கையை நீட்டினார். "நல்லா ஆடினீங்க, போதகரம்மா."

போதகர் அந்தக் கையைப் பார்த்தார், பிடிக்கவில்லை. "உக்காருங்க தம்பி. இன்னும் முடியல."

"முடிஞ்சுபோச்சு. உங்ககிட்ட இனி ஒண்ணும் இல்ல."

"மாஹ்ட் இல்ல. ஒத்துக்கிறேன். இனி என் பேச்சை ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. எனக்கு அது பழக்கம்தான், ஞாயித்துக்கிழமை வந்து பாத்தீங்கன்னா தெரியும். ஆனா என் ஓநாய்க்கு இருக்குறது க்ராஃப்ட். அதை நீங்க எடுக்கலையே. அது இப்ப உங்க மலைமேல ஏறுது."

ஓநாய்ச் சீட்டைத் தள்ளி டோர்பென் பக்கம் வைத்தார். கூடம் கைதட்டியது. டோர்பென் காதுமடல் சிவந்துவிட்டது. பைக்குள் கையை விட்டு ஆங்கிலச் சீட்டுக்கட்டை எடுத்தார். மனுஷன் அதையும் கொண்டுவந்திருந்தார்.

"நடுவர் ஐயா! மூலத்துல என்ன இருக்குன்னு பாருங்க. பவர். எல்லாப் பவரும் போயிடும்னு இருக்கு. ஓநாய்க்கு இருக்குறதும் பவர்தான். கண்ணாடி ரெண்டையும் எடுத்துடும்."

"நாம ஆடுறது ஜெர்மன்ல," என்றார் போதகர். "மூலத்துல என்ன இருக்குன்னு நாலு பேரு மட்டும் படிச்சுட்டு வந்து மத்தவங்களுக்குச் சொல்ற வழக்கத்தை எங்க சபை ஆளுங்க வேதாகமத்தை ஜெர்மன்ல கொண்டுவந்தப்பவே முடிச்சு வச்சுட்டாங்க."

"அம்மா, இது மதப் பிரசங்கம் இல்ல!"

"இல்லதான். பிரசங்கத்துல இவ்வளவு பேரு முழிச்சிருக்க மாட்டாங்க."

ஹெர் டாப்பெ விதிப்புத்தகத்தை முன்னுக்கும் பின்னுக்கும் புரட்டினார். "படிக்கட்டு அகலம்னா டக்குனு சொல்லிருவேன்," என்று முணுமுணுத்தார். விசிலை ஊதினார், ஊதிவிட்டு என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றார்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு தீயணைப்புப் படைக்காரர் ஒருவர் உள்ளே வந்தார். தலையில் சிவப்புக் கொம்பு, பின்னால் வால், மேலே சீருடைச் சட்டை. ஊர்வலத்துக்குப் போகிற வழியில் சோதனைக்கு வந்திருக்கிறார். அவசர வழியை நாற்காலி போட்டு மறித்திருக்கிறீர்கள், உடனே எடுங்கள் என்றார். கூடமே எழுந்து நாற்காலிகளை நகர்த்தியது. போதகரும் டோர்பெனும் ஒரு பெஞ்சின் இரண்டு முனையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டே, மாஹ்டா க்ராஃப்டா என்று வாக்குவாதம் செய்துகொண்டு போனார்கள். சாத்தான் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஹெர் டாப்பெவுக்கு அதற்குள் ஒரு யோசனை வந்திருந்தது. "எழுதினவரே இங்க இருக்காரே. மிஸ்டர் அட்வாட்டர்!"

கிளைவ் உருளைக்கிழங்கு சாலட் தட்டோடு எழுந்து நின்றார். ஒருவர் மொழிபெயர்த்துச் சொல்ல, விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். "பவர்னு எழுதினது நான்தான்," என்றார். "என்ன அர்த்தத்துல எழுதினேன்னு அந்தம்மா போன்ல கேக்குற வரைக்கும் நான் யோசிச்சதே இல்ல. கேட்டப்புறமும் எனக்குத் தெரியல. அவங்களைத்தான் கேக்கணும்." முள்கரண்டியால் அல்மூடைக் காட்டினார்.

எல்லோரும் திரும்பினார்கள். அல்மூட் கையிலிருந்த கேக்கை என்னிடம் கொடுத்துவிட்டு மேசைக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். அவள் சீட்டைக் கையில் எடுத்துப் படித்தாள். அச்சான அந்தச் சீட்டை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. முகம் மாறியது.

"வீப்கெ," என்றாள் தாழ்ந்த குரலில். "இதுல வார்த்தை குறையுது. 'மாஹ்டையும் க்ராஃப்டையும்'னு எழுதிக் கொடுத்தேன். கண்ணாடி ரெண்டையும் எடுத்துடும். நல்லா ஞாபகம் இருக்கு."

நான் ஹெர் க்வாஸ்டைத் தேடினேன். அவர் எதிர்ச் சுவரோரம் நின்று கூரை விளக்குகளை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார். அச்சடித்த அன்று அச்சகத்திலிருந்து அவர் என்னைக் கூப்பிட்டு, "எல்லா வரியும் கட்டத்துக்குள்ள அழகா அடங்கிருச்சு, வீப்கெ!" என்று குதூகலமாகச் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அல்மூடுக்கும் புரிந்துவிட்டது. விளக்கைப் பார்ப்பவரைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், தன் பெயர் தப்பிக்கும், முதலாளி மானம் போகும். ஒரு காற்புள்ளிக்காக அரை மணி நேரம் சண்டை போடுகிறவள் அவள். இப்போது வெடிக்கப் போகிறாள் என்று நான் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.

டோர்பென் சும்மா வக்கீல் இல்லை. முகத்தைப் படித்துவிட்டார். "ஃப்ரௌ பென்னெக்கெ, நேரடியா ஒரு கேள்வி. இந்த இடத்துல நீங்க மனசுல நினைச்சது ரெண்டையும்தானே?"

வெளியே எங்கோ மத்தளம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் மனசுல நினைச்சதை யாரும் அச்சடிக்கல," என்றாள் அல்மூட். "இங்க இருக்குறவங்க இத்தனை நாளா படிச்சது இந்தச் சீட்டைத்தான். போதகர் இதைப் படிச்சுட்டுத்தான் ஓநாயைக் கட்டுல சேத்திருக்காங்க. நீங்களும் இதைப் படிச்சுட்டுத்தான் கண்ணாடியை எடுத்து வச்சிருக்கீங்க. இதுல மாஹ்ட்னு போட்டிருக்கு. மாஹ்ட்னா மாஹ்ட்தான்."

"ஆனா உங்க நோக்கம்..."

"டர்பைன் கையேட்டுல 'வால்வை மூடு'ன்னு அச்சாயிருச்சுன்னு வைங்க. நான் நினைச்சது 'திற'ங்க, அப்படின்னு அப்புறம் போய்ச் சொல்லி என்ன பிரயோஜனம்? அதுக்குள்ள ஒருத்தன் மூடியிருப்பான்."

ஹெர் டாப்பெ விசிலை ஊதினார். இந்த முறை ஏன் ஊதினார் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. ஓநாய் மலை ஏறியது, போதகர் ஜெயித்தார். டோர்பென் விறைப்பாகக் கை குலுக்கிவிட்டு, எழுத்துமூலமாக ஆட்சேபணை தெரிவிக்க வேண்டுமானால் யாரிடம் கொடுப்பது என்று கேட்டார். "என்கிட்டதான். மூணு பிரதி," என்றார் ஹெர் டாப்பெ, முகத்தில் பழைய அலுவலகக் களையோடு.

கூடத்தின் சமையலறையில் நான் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஹெர் க்வாஸ்ட் வந்தார். அல்மூட் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஃப்ரௌ பென்னெக்கெ, அந்த வரி கட்டத்துக்குள்ள அடங்கல. சின்ன எழுத்தா போட்டா வயசானவங்களுக்குக் கண்ணு தெரியாதேன்னு... என்னைக் காப்பாத்திட்டீங்க."

"நான் உங்களுக்காகப் பேசல. படிச்சவங்களுக்காகப் பேசினேன். அடுத்த தடவை அடங்கலன்னா கட்டத்தைப் பெரிசாக்குங்க."

"கண்டிப்பா."

"இனிமே அச்சகத்துக்கு நானும் வருவேன்."

"வாங்க, வாங்க."

"இந்தத் துணி ஈரமாயிருச்சு. வேற குடுங்க."

அவர் ஓடிப்போய்க் கொண்டுவந்தார். அவர் போன கையோடு கிளைவ் உள்ளே நுழைந்தார். கண்ணெல்லாம் பளபளப்பு.

"என் விளையாட்டைவிட உங்க விளையாட்டு நல்லா இருக்கு! ராஜா தோத்தாலும் ஓநாய் நிக்குது, பாருங்க. இத்தனை வருஷமா எனக்கு இது தோணவே இல்ல. இதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகணும். சொல்லுங்க, மாஹ்டுக்கு ஆங்கிலத்துல என்ன?"

"பவர்."

"சரி. க்ராஃப்டுக்கு?"

அல்மூட் துணியைக் கீழே வைத்தாள். நெடுநேரம் யோசித்தாள். "பவர்," என்றாள்.

இரண்டு பேரும் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து இதைப் பேச ஆரம்பித்தார்கள். நான் இரண்டு தட்டில் பொரித்த சாஸேஜ் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஊர்வலம் முழுவதும் அவர்களைத் தாண்டிப் போய் முடிந்தது. அவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, சாஸேஜ் ஆறிப்போயிருந்தது. மறுநாள் திரும்ப வேண்டிய கிளைவ் பயணத்தைத் தள்ளிப்போட்டார். விளக்கிச் சொல்வதற்காகச் சீட்டைப் பரப்பி அவளை ஆட வைத்தார். வரிசையாகத் தோற்றுக்கொண்டே போனாள். விதிகளை எழுதியவருக்கு வாக்கியம் அமைக்கத் தெரியவில்லை என்றாள், எழுதியவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொருட்படுத்தாமல். அடுத்த ஆங்கிலப் பதிப்பில் ராஜாவுக்கு ஒரு சொல்லும் ஓநாய்க்கு வேறொரு சொல்லும் வந்துவிட்டன. ஹல் ஊர்க்காரருக்கு அவருடைய தாய்மொழியிலிருந்து அந்த இரண்டையும் பொறுக்கிக் கொடுத்தவள் இவள்தான். அவர் இப்போதெல்லாம் வருடத்துக்குப் பல தடவை வருகிறார். வேலை விஷயமாக என்கிறார்கள், நானும் தலையாட்டிக்கொள்கிறேன்.

இதற்கு நடுவில் பரிசுச் சீட்டு ஒன்று பாக்கி இருந்தது. அடுத்த தொகுப்பில் முகம் காலியாக இருந்த ஒரே சீட்டு ஊருக்கு வெளியே குடிசை போட்டு வாழும் சூனியக்காரி. எங்கள் மொழியில் ஹெக்ஸெ. போதகரின் முகத்தை வரைந்து கீழே ஹெக்ஸெ என்று போட வேண்டும். சேதி எப்படியோ கசிந்து, ஜூன் மாதம் ஒரு நாள் ஹெர் டாப்பெ தொப்பியைக் கையில் பிடித்தபடி அலுவலகத்துக்கு வந்து நின்றார்.

"ஃப்ரௌ பென்னெக்கெ, குழுவுல பேசினோம். வேற வார்த்தை ஏதாவது கிடைக்குமா? எங்க போதகர் மூஞ்சிக்குக் கீழ போய் ஹெக்ஸென்னு..."

"உங்க வீட்டு ஜன்னல்லயே ஒரு ஹெக்ஸெ பொம்மை தொங்குதே, ஹெர் டாப்பெ."

"அது டூரிஸ்டுங்களுக்கு."

அல்மூட் அவரைக் கேலி செய்யவில்லை. அவர் கேட்டது அவள் தொழில் சம்பந்தமான கேள்வி. 'அறிந்தவள்' என்று போடலாம், 'மூலிகைக்காரி' என்று போடலாம், ஆங்கிலப் பெயரை ஒட்டி 'ஓரத்தில் வாழ்கிறவள்' என்றும் போடலாம் என்றாள். மூலிகைக்காரி என்றதும் ஹெர் டாப்பெவின் முகம் மலர்ந்தது. கௌரவமாக இருக்கிறது, சபைத் தோட்டத்தில்கூட மூலிகை இருக்கிறது என்றார். எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று நான் போதகரைக் கூப்பிட்டேன். சைக்கிளில் உடனே வந்துவிட்டார். தலைக்கவசத்தைக் கழற்றாமலேயே மூன்று பெயரையும் கேட்டுக்கொண்டார்.

"நல்லா இருக்கு," என்றார். "மூணுமே நல்லா இருக்கு. அதான் வேணாங்கிறேன்."

"ஏம்மா?" என்றார் டாப்பெ.

"அந்தக் காலத்துல இந்த மலையைச் சுத்தி ஊர் ஊரா பொம்பளைங்களைப் பிடிச்சு எரிச்சாங்களே, அப்ப என்ன சொல்லி எரிச்சாங்க? மூலிகைக்காரின்னா? அறிந்தவள்னா? ஹெக்ஸென்னு சொல்லித்தான் எரிச்சாங்க. பக்கத்துல நின்னு ஜெபம் பண்ணினது யாரு? என் வேலையில இருந்தவங்க. அதுல ஒருத்திகிட்டயாவது மாஹ்ட் இருந்திருக்குமா சொல்லுங்க. இருந்திருந்தா தப்பிச்சிருப்பா." அவர் குரல் பிரசங்கக் குரலாக இல்லை. மேசையிலிருந்த பென்சிலை எடுத்து நேராக்கி வைத்தார். "அந்த வார்த்தைய அழகா மாத்தி என் மூஞ்சிக்குக் கீழ ஒட்டினா, அவங்க எதிர்ல நான் எப்படி நிப்பேன்? அதே வார்த்தைய போடுங்க."

நான் ஜன்னலைத் திறக்க எழுந்தேன், ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. கீழே பல் மருத்துவரின் இயந்திரம் ரீங்காரமிட்டுக்கொண்டிருந்தது. அல்மூட் தன் தாளை எடுத்து, எழுதியிருந்த மூன்று பெயரையும் அடித்துவிட்டு, ஹெக்ஸெ என்று எழுதினாள்.

ஹெர் டாப்பெ தொப்பியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "சரிம்மா. நீங்க சொன்னா சரி," என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "ஹெக்ஸென்னா வழக்கமா மூக்குல வரைவாங்களே, அந்த மருவாவது வேணாமே?" என்றார்.

"மரு வேணாம்," என்று போதகர் ஒத்துக்கொண்டார். "அதுல நீங்க சொல்றது நியாயம்."

தொகுப்பு இலையுதிர் காலத்தில் வெளிவந்தது. படக்காரி போதகரை அப்படியே பிடித்திருந்தாள். அந்த உயரம், அந்த முழிப்பு, பின்னால் ஒரு குடிசை. அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் வழக்கத்தைவிடக் கூட்டம். ஆராதனை முடிந்ததும் வாசலில் வரிசை கட்டி நின்று சீட்டில் கையெழுத்துக் கேட்டார்கள். ஹானோவரிலிருந்து டோர்பென் க்யூக்கூட வந்திருந்தார். பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமல் உறைமேலேயே கையெழுத்துப் போடச் சொன்னார். அவருக்குப் பின்னால் ஹெர் டாப்பெ இரண்டு சீட்டோடு நின்றார். அவர் முறை வந்தபோது, ஒன்று தங்கச்சி மகனுக்கு, இன்னொன்றும் அவனுக்குத்தான் என்று யாரும் கேட்காமலேயே சொன்னார்.